பசு தராத பால்

பட்டணத்துக் கடைகளில் இப்பொழுது ஒரு புதுக் காட்சியைக் காண்கிறோம். பால் விற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அலமாரி. அதில் வண்ண வண்ண அட்டைப் பெட்டிகள் அணிவகுத்து நிற்கின்றன. ஸோயாப் பால், பாதாம் பால், ஓட்ஸ் பால், அரிசிப் பால், தேங்காய்ப் பால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இவற்றில் எதையும் பசுவோ எருமையோ கண்ணால் கண்டதில்லை.

இந்தப் பெயர் விவகாரம் ராஜாங்கத்தின் காதுக்கும் எட்டியது. 2021-ஆம் வருஷம் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம், செடி கொடிகளிலிருந்து எடுக்கும் பானங்களுக்குப் 'பால்' என்ற பெயரைச் சூட்டி விற்கலாகாது என்று உத்தரவிட்டது. நெடுநாள் வழக்கத்தை ஒட்டித் தேங்காய்ப் பாலுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஆகவே பெட்டியின் மேல் இப்பொழுது 'பானம்' என்று அச்சிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் பழையபடி 'பால்' என்றே கேட்கிறார்கள். கள்ளியைக் கிள்ளினால் கசிவதையும் எருக்கை ஒடித்தால் வடிவதையுங்கூடப் பால் என்று சொல்லிப் பழகிய தமிழர்கள் நாம். ஆணையத்தார் மன்னிக்க வேண்டும். இக்கட்டுரையில் நாமும் பால் என்றே எழுதப் போகிறோம்.

ஆனால் வெளுத்ததெல்லாம் பாலாகிவிடுமா என்று நம் பெரியோர்கள் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதைப் பெயரோடு விட்டுவிடலாகாது. பெட்டிக்குள் இருப்பது வேறு, அதை நம்பி நாம் விட்டுவிடுவது வேறு. பசுவின் பாலை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் இன்னொன்றை வைக்கும்போது, போவது என்ன, வருவது என்ன என்று கணக்குப் பார்ப்பவர்கள் வெகு சிலரே.

நமது பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாயார், சில காலத்துக்கு முன் நம்மிடம் வந்து பேசிக் கொண்டிருந்தார். "மாட்டுப் பால் குடித்தால் குழந்தைக்கு வயிறு உப்புகிறது, ஸார். அதனால் ஒரு வருஷமாகப் பாதாம் பால்தான் வாங்கிக் கொடுக்கிறோம். விலை அதிகந்தான்; இருந்தாலும் சத்தாயிற்றே என்று பார்க்கிறோம்" என்றார். மறுநாள் அந்தப் பெண்ணைக் காலிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னோம். பெட்டியின் முதுகில் பொடி எழுத்தில், பாதாம் 2.5 சதவீதம் என்று இருந்தது. அதையே கரும்பலகையில் கணக்காக எழுதினோம். ஒரு லிட்டரில் பாதாம் எத்தனை கிராம்? 25. ஒரு பருப்பின் எடை ஏறத்தாழ 1.2 கிராம் என்றால் எத்தனை பருப்பு? 20 அல்லது 21. ஒரு லிட்டரில் ஐந்து டம்ளர் என்றால் டம்ளருக்கு எத்தனை? வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "நாலு!" என்று சொல்லிற்று.

இந்தச் செய்தி வீடு போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண்ணின் பாட்டியம்மாள் சொன்னாராம்: "நாலு பாதாமைக் கையில் கொடுத்து, தின்றுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியடி என்றால் போகாதா?" பாட்டியம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் போனவரல்ல. ஆனால் விஷயத்தின் ஆணிவேரைப் பிடித்துவிட்டார்.

பன்னிரண்டு வயதுப் பெண். எலும்பு வளரும் பருவம். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி பசும்பாலில் புரதம் 6 கிராமுக்கு மேல் இருக்கிறது. கால்ஷியம் என்னும் சுண்ணச் சத்து சுமார் 240 மில்லிகிராம். எருமைப் பாலில் புரதம் இன்னும் சற்று அதிகம். மேலே சொன்ன பாதாம் பாலிலோ டம்ளருக்கு ஒரு கிராம் புரதந்தான். கால்ஷியம், தயாரிப்பவர்கள் தனியாகச் சேர்த்திருந்தால் உண்டு, சேர்க்காவிட்டால் இல்லை. ஒரு வருஷம் இப்படிப் போயிருக்கிறது.

அந்த வீட்டார் பிறகு வைத்தியரைப் பார்த்தார்கள். பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை அப்பெண்ணுக்குச் செரிப்பதில்லை என்று தெரிந்தது. இது அபூர்வ வியாதி ஒன்றுமல்ல. தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் எல்லாக் குழந்தைகளின் குடலிலும் அந்தச் சர்க்கரையை உடைக்கும் ஒரு பொருள் சுரக்கிறது. வயது ஏற ஏற உலகத்தில் பெரும்பாலோருக்கு அது குறைந்துபோகிறது. வட இந்தியாவைவிடத் தென்னாட்டில் இப்படிக் குறைந்தவர்கள் அதிகம். ஆனால் இவர்களில் அநேகர் தயிரையும் மோரையும் தாராளமாக உட்கொள்ளலாம். உறையும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கிருமிகள் தின்றுவிடுகின்றன. மிச்சத்தைச் செரிக்கவும் அவையே உதவுகின்றன. வயிறு உப்புகிறது என்பதற்காகப் பசுவோடு உறவையே அறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்லுகிறோம்.

பாலிலுள்ள புரதமே உடம்புக்கு ஆகாமல் தடிப்பும் வாந்தியும் மூச்சுத் திணறலும் உண்டாவது வேறு விஷயம். சிறு குழந்தைகளிடம் இது காணப்படுகிறது. அங்கே மோரும் கூடாது, தயிரும் கூடாது. சிலருக்கு ஸோயாவும் ஒத்துக்கொள்வதில்லை. அதை வைத்தியரிடம் விட்டுவிட வேண்டும்.

இன்னும் ஒரு சாரார் இருக்கிறார்கள். கன்றுக்கு உரியதை நாம் கறந்துகொள்வது நியாயமா என்ற கேள்வி மனத்தில் விழுந்து, அதனால் பாலை விட்டவர்கள். இவர்களைப் பரிகாசம் செய்வது சில வீடுகளில் வழக்கமாயிருக்கிறது. அப்படிச் செய்பவர்கள் மகாத்மாவின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயத்தை மறந்துவிட்டார்கள்.

மகாத்மா தேடிய பால்

1912-ஆம் வருஷம் தென்னாப்பிரிக்காவில், டால்ஸ்டாய் பண்ணையில், காந்தியடிகளும் அவருடைய நண்பர் காலன்பாக்கும் பாலை விட்டனர். உடலின் இச்சைகளை அடக்குவது ஒரு காரணம். கல்கத்தா முதலிய இடங்களில் கடைசித் துளியையும் கறந்துவிடுவதற்காகப் பசுக்களையும் எருமைகளையும் பாடுபடுத்திய கொடுமையைக் கேள்வியுற்றது மற்றொரு காரணம். இந்தியாவுக்குத் திரும்பிய பிறகும் அந்த நோன்பு நீடித்தது.

1918-இல் கேடா ஜில்லாவில் அலைந்து திரிந்த பின், காந்தியடிகள் சீதபேதியால் படுத்த படுக்கையானார். உயிர் தங்குமா என்று அவரே ஐயுற்ற நோய் அது. பாலுக்குப் பதிலாக ஏதேனும் சொல்லுங்கள் என்று வைத்தியர்களையும் ஆயுர்வேத பண்டிதர்களையும் ஸயன்ஸ் தெரிந்தவர்களையும் கேட்டார். ஒருவர் பாசிப்பயற்று நீர் என்றார்; ஒருவர் இலுப்பை எண்ணெய் என்றார்; ஒருவர் பாதாம் பால் என்றார். எல்லாவற்றையும் தம் உடம்பின் மீதே சோதித்துப் பார்த்தார். ஒன்றும் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பவில்லை. கடைசியில் பம்பாய் டாக்டர் தலால் பால் குடித்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தியபோது, பக்கத்திலிருந்த கஸ்தூரிபாய் அம்மையார், நோன்பு பசும்பாலையும் எருமைப் பாலையும் பற்றியதுதானே, வெள்ளாட்டுப் பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். உலகம் அறிந்த ஆட்டுப் பால் அப்படித்தான் வந்தது. அது 1919-ஆம் வருஷத் தொடக்கம்.

நோன்பின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவரை விட்டு நீங்கவே இல்லை. தமது சுயசரிதத்தில் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பாலைப்போலவே புஷ்டியும் எளிதில் செரிக்கும் குணமும் உள்ள தாவரப் பொருள் ஒன்றைத் தெரிந்தவர்கள் தமக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவுடையோரைக் கேட்டுக்கொண்டும் இருக்கிறார். 1935-இல் வார்தாவில் மகன்வாடி வாசிகளுக்கு ஸோயா மொச்சையைச் சமைத்துப் போட்டு, அதைப் பற்றி 'ஹரிஜன்' பத்திரிகையில் எழுதியதும் இந்தத் தேட்டத்தின் தொடர்ச்சியே எனலாம்.

அன்று அவருக்குச் சொன்ன மூன்றும் ஏன் பயன்படவில்லை என்பது இன்று நமக்குத் தெரிகிறது. இலுப்பை எண்ணெய் வெறும் கொழுப்பு. பாதாம் பாலின் கணக்கைத்தான் மேலே பார்த்தோம். பாசிப்பயறு நல்ல பொருள். ஆனால் அதன் நீரில் பயறு எவ்வளவு? நோயாளிக்கு வேண்டியிருந்தது நிறைந்த புரதம். அது அந்த மூன்றிலும் இல்லை.

சீனத்தின் பசு

அவர் தேடிய பொருளுக்கு மிக அருகில் வருவது ஸோயாப் பால் ஒன்றே என்பது நமது முடிவு. 100 மில்லி நல்ல ஸோயாப் பாலில் 3 கிராம் புரதம் இருக்கிறது. ஏறக்குறையப் பசும்பாலின் அளவு. அளவு மட்டுமல்ல, புரதத்தின் தரமும் அப்படியே. அரிசி, கோதுமை முதலிய தானியங்களின் புரதத்தில் லைஸின் என்னும் உறுப்பு குறைவு. ஸோயாவில் அது நிறைய உண்டு. அமெரிக்க ராஜாங்கத்தார் 2020 முதல் 2025 வரைக்கும் வெளியிட்ட ஆகார விதிகளில், பால் வகைக்குச் சமமாக ஏற்றுக்கொண்ட ஒரே தாவரப் பானம், கால்ஷியமும் ஏ, டி என்ற ஜீவசத்துக்களும் சேர்த்த ஸோயாப் பால்தான். பாதாமையும் ஓட்ஸையும் அரிசியையும் தேங்காயையும் அந்தப் பந்தியில் உட்கார வைக்கவில்லை.

சீனர்களுக்கு இது புதிதல்ல. காலை வேளையில் ஆவி பறக்கும் ஸோயாப் பாலும் எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டமும் அவர்களுக்கு, நமக்கு இட்டிலியும் காப்பியும் போல. 1937-இல் ஷாங்காய் நகரில் ஸோயா மொச்சையைச் 'சீனத்தின் பசு' என்று வருணித்து ஓர் அமெரிக்க அதிகாரி பிரசங்கம் செய்தார். அதைக் கேட்டவர்களில் லோ குவீ-ஸியோங் என்ற இளம் வியாபாரியும் ஒருவர். பிறகு அவர் ஹாங்காங்கில், யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்த அகதிகள் சத்தில்லாமல் நலிவதைக் கண்டார். ஏழைகளுக்கு எட்டும் விலையில் ஸோயாப் பாலைப் புட்டிகளில் அடைத்து, 1940-இல் வீடு வீடாகச் சைக்கிளில் விற்கத் தொடங்கினார். 'விட்டஸாய்' என்பது அதன் பெயர். ஜப்பானியர் வந்தபோது தொழிற்சாலையை மூட வேண்டியதாயிற்று. யுத்தம் முடிந்து 1945-இல் மீண்டும் திறந்தார். இன்றும் அது நடக்கிறது. பணக்காரர்களின் அலமாரியில் ஆடம்பரமாக நிற்கும் இந்தப் பானம், ஏழைக் குழந்தையின் பசிக்காகப் புட்டியில் ஏறியது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டாரும் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1940-ஆம் வருஷங்களிலேயே டாக்டர் வி. சுப்பிரமணியனும் அவருடைய தோழர்களும் ஸோயாப் பாலையும் நிலக்கடலைப் பாலையும் ஆராய்ந்தார்கள். 1950-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி மைசூர் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் திறக்கப்பட்டபோது, அதன் முதல் தலைவரும் அவரே. நிலக்கடலைப் புரதத்தைப் பாலோடு சேர்த்து, குறைந்த பாலை நிறையப் பேருக்குப் பகிர்ந்தளிக்கும் வழியை அக்கழகத்தார் கண்டுபிடித்தனர். 'மில்டோன்' என்ற அந்தப் பானம் 1970-ஆம் வருஷங்களில் விற்பனைக்கும் வந்தது. ஆனால் அதே 1970-இல் வெண்மைப் புரட்சி தொடங்கிவிட்டது. பால் பெருகப் பெருக, பாலை நீட்டித்துப் பகிரும் பேச்சு மங்கிப்போனது இயற்கையே.

ஸோயா மொச்சை இப்பொழுது மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஏராளமாக விளைகிறது. மளிகைக் கடையில் கிடைக்கும். வீட்டிலேயே பால் எடுக்கலாம். பெட்டிப் பாலின் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறோம். ஏனெனில் முதல் முறை செய்துவிட்டு, நாற்றம் தாங்கவில்லை என்று கொட்டியவர்களே அதிகம்.

அந்தப் பச்சை நாற்றம் மொச்சையில் பிறவியிலேயே இருப்பதன்று. தண்ணீரில் அரைக்கும்போது மொச்சையிலுள்ள ஒரு பொருள் அதன் எண்ணெயோடு கூடி அந்த வாடையை உண்டாக்குகிறது. சூட்டினால் அந்தப் பொருள் செயலற்றுப்போகும். ஆகவே பச்சைத் தண்ணீரில் அரைக்கலாகாது. 100 கிராம் மொச்சையை இரவு ஊறப் போட்டு, காலையில் அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். வேறு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவும் மொச்சையும் போட்டு ஐந்து நிமிஷம் வைத்திருந்து, வடித்து, கையால் கசக்கித் தோலை நீக்க வேண்டும். பிறகு கொதிநீர் விட்டே அரைத்து, மொத்தம் 800 மில்லி அளவுக்குக் கரைத்து, மெல்லிய துணியில் பிழிந்தால் பால் வந்துவிடும்.

வந்த பாலை அப்படியே குடிக்கலாகாது. பச்சை மொச்சையில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. அது அழிய வேண்டுமானால் நன்றாகக் கொதிக்க வேண்டும். இங்கே ஓர் ஏமாற்று இருக்கிறது. ஸோயாப் பால் கொதிநிலை வருவதற்கு முன்பே குப்பென்று நுரைத்துப் பொங்கும். கொதித்துவிட்டது என்று நினைத்து இறக்கிவிடுகிறவர்கள் பச்சைப் பாலைத்தான் குடிக்கிறார்கள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸோயாவை வைகிறார்கள். பொங்கியதும் தணலைக் குறைத்து, கிளறிக்கொண்டே, நிஜமாகக் கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு கால் மணி நேரம் வைத்திருக்க வேண்டும். ஒரு சிறு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் மிச்ச வாடையும் போய்விடும். துணியில் தங்கும் சக்கையை எறிந்துவிடாதீர்கள். அடை மாவில் சேர்த்தால் அடை மெத்தென்று இருக்கும்.

நிலக்கடலைப் பாலுக்கு இவ்வளவு வித்தை வேண்டாம். ஆறு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, அரைத்துப் பிழிந்து, பத்து நிமிஷம் காய்ச்சினால் போதும். 100 கிராம் கடலைக்கு 800 மில்லி பால் எடுத்தால், 100 மில்லிக்கு 2 கிராம் அளவு புரதம் கிடைக்கும். ஸோயாவுக்கு அடுத்த ஸ்தானம் இதற்குத்தான். தென்னாற்காட்டுக் காரர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கடலை ஏழை வீட்டுப் பாதாம் என்பது. அதன் புரதத்தில் லைஸின் குறைவென்பது உண்மை; பருப்புக் குழம்பும் சாம்பாரும் அன்றாடம் உண்ணும் வீட்டில் அந்தக் குறை தானே தீர்ந்துவிடும். ஒன்றில் மாத்திரம் கண்டிப்பு வேண்டும். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலையில் அஃபிளடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. காய்ச்சினாலும் அது போகாது. சுருங்கியதையும் கறுத்ததையும் கசப்பதையும் பொறுக்கி எறிய வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓட்ஸ் பால், ஸ்வீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலை ஆராய்ச்சியிலிருந்து 1990-ஆம் வருஷங்களில் வெளிவந்தது. அதன் இனிப்பு, ஓட்ஸிலுள்ள மாவுச் சத்தே சர்க்கரையாக மாறியதால் வருவது. புரதம் 100 மில்லிக்கு ஒரு கிராம்தான். அரிசிப் பாலைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல நமக்கு ஒன்றும் அகப்படவில்லை. கஞ்சித் தண்ணீரை இத்தனை விலை கொடுத்து வாங்குவானேன்? தவிர, அரிசியில் நிலத்திலிருந்து ஏறும் பாஷாணச் சத்தை உத்தேசித்து, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பாலுக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாகாது என்று பிரிட்டிஷ் சுகாதார அதிகாரிகள் எச்சரித்திருக்கிறார்கள். தேங்காய்ப் பாலோ, ஆப்பத்துக்கும் திருநெல்வேலிச் சொதிக்கும் ஈடில்லாத பொருள். முதற் பாலில் கொழுப்பு மிகுதி. புரதமும் கால்ஷியமும் சொற்பம். அதை ருசிக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள்; பசுவின் ஸ்தானத்தில் உட்கார வைக்காதீர்கள்.

பெட்டியின் முதுகும் நம் வீட்டு அடுக்களையும்

வீட்டில் எடுத்த ஸோயாப் பாலிலும் ஒரு பெரிய குறை உண்டு. புரதம் இருக்கிறதே தவிர, கால்ஷியம் இல்லை. பசும்பாலில் இருப்பதில் நாலில் ஒரு பங்குகூட வராது. கடையில் வாங்கும் பெட்டிகளில் சிலவற்றில் கால்ஷியம் சேர்க்கிறார்கள். முகப்பிலுள்ள படத்தைப் பார்க்காமல் முதுகிலுள்ள அட்டவணையைப் பார்க்க வேண்டும். 100 மில்லிக்குப் புரதம் 3 கிராம், கால்ஷியம் 120 மில்லிகிராம், இவற்றோடு டி, பி12 என்ற ஜீவசத்துக்கள். சேர்த்த சர்க்கரை இல்லாமை. இவ்வளவும் இருந்தால் அது வாங்கத் தக்க பெட்டி. சேர்த்த கால்ஷியம் அடியில் வண்டலாகத் தங்கும் இயல்புடையது. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றாவிட்டால் சத்தெல்லாம் பெட்டியோடு குப்பைக்குப் போய்ச் சேரும்.

பெட்டி வாங்க இயலாதவர்கள் கலங்க வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் கால்ஷியம் 350 மில்லிகிராம் அளவு இருக்கிறது. வேறு எந்தத் தானியமும் அதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அந்தச் சத்தில் பெரும்பங்கு மேல் தோலில் உள்ளது. கேழ்வரகைப் பாலாகப் பிழிந்து சக்கையை எறிந்தால் அதையும் சேர்த்து எறிகிறோம். கைக்குழந்தைக்குப் பிழிந்த பால் சரி. பெரியவர்களுக்குக் கூழும் அடையும் களியுமே உசிதம். முளை கட்டி அரைத்தால் சத்து இன்னும் நன்றாக உடம்பில் ஒட்டும். எள்ளில் கால்ஷியம் 100 கிராமுக்கு 1,200 மில்லிகிராமுக்கு மேல். தோலிலுள்ள அமிலத்தால் அதில் ஒரு பகுதிதான் நமக்குக் கிடைக்கும் என்றாலும் எள்ளுருண்டை நல்ல உருண்டையே. முருங்கைக்கீரையும் அப்படித்தான், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்குக் குறையாது. நாளொன்றுக்குப் பெரியவர் ஒருவருக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் 2020-ஆம் வருஷத்துக் கணக்கு. கூழும் எள்ளும் கீரையும் ஒரு வீட்டில் முறை போட்டு வந்தால், அந்தக் கணக்கில் பெரும்பகுதி நேராகிவிடும்.

நேராகாதது ஒன்று உண்டு. பி12 என்ற ஜீவசத்தை எந்தச் செடியும் தருவதில்லை. அதை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள். நமக்கு அது பால், முட்டை, மாமிசம் வழியாக வருகிறது. மாமிசம் உண்ணாத வீட்டில் பாலே அதற்கு ஒரே வாசல். அந்த வாசலையும் அடைத்துவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது; ஈரலில் உள்ள சேமிப்பு சில வருஷங்களுக்கு ஓடும். அது தீர்ந்த பிறகு ரத்த சோகை, கை கால் மரத்துப்போதல், ஞாபக மறதி என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். நரம்புக்கு நேர்ந்த கெடுதல் சில சமயம் திரும்புவதும் இல்லை. ஜீவகாருண்யத்தினால் பாலை விட்டவர்கள் இதற்கு மாத்திரை போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதில் ஒரு நாளும் அசட்டையாக இருக்கலாகாது. தாயிடம் இல்லாதது தாய்ப்பாலிலும் இராது.

கைக்குழந்தைகளைப் பற்றி எழுதும்போது நமது பேனாவுக்குச் சற்றுக் கண்டிப்பு வந்துவிடுகிறது. ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம். அதன் பிறகு மற்ற ஆகாரங்களோடு இரண்டு வயது வரைக்கும் தாய்ப்பாலும் தொடரலாம். தாய்ப்பாலுக்கு வழியில்லாவிட்டால் வைத்தியர் சொல்லும் குழந்தை உணவு இருக்கிறது. ஒரு வயதுக்குள் நாம் மேலே எழுதிய எந்தப் பாலையும், ஸோயாப் பால் உட்பட, குழந்தையின் பிரதான ஆகாரமாக வைக்கவே கூடாது. 2016-ஆம் வருஷம் ஸ்பெயின் தேசத்து வைத்தியர்கள் ஒரு குழந்தையின் கதையை வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். தோலில் ஏதோ தடிப்பு என்பதற்காக இரண்டரை மாதம் முதல் அதற்குப் பாதாம் பானத்தையே கொடுத்து வந்திருக்கிறார்கள். பதினொரு மாதத்தில் அக்குழந்தை வளர்ச்சி குன்றி, காலை அசைக்க முடியாமல் அழுதுகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தது. தொடை எலும்பு முறிந்திருந்தது. பழைய காலத்தில் மாதக் கணக்காகக் கடலில் போன மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் அது. ஸி ஜீவசத்து இல்லாமையால் வருவது. வைத்தியத்தில் குழந்தை தேறியது. பெற்றவர்கள் ஏழைகளோ அன்பில்லாதவர்களோ அல்லர்; நல்லதென்று நினைத்தே கொடுத்தார்கள்.

காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நம் வாசகர்கள் இந்தக் கட்டுரையையே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டிகாக்ஷனில் ஸோயாப் பாலை ஊற்றினால் திரிந்துபோகிறது என்பது பலருடைய முறையீடு. டிகாக்ஷனில் புளிப்பு உண்டு; சூடும் சேர்ந்தால் ஸோயாப் புரதம் கட்டி தட்டிவிடும். பாலை முதலில் இளஞ்சூடாக்கி, அதில் டிகாக்ஷனைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்த்தால் பெரும்பாலும் திரியாது. ருசியில் பசும்பால் காப்பிக்குச் சமானமா என்றால், அல்ல. நாம் முயன்று பார்த்தவற்றுள் காப்பிக்குச் சுமாராகப் பொருந்தியது ஓட்ஸ் பால். ஆனால் அதைச் சத்துக்கென்று குடிக்க முடியாது, காப்பிக்கென்று மட்டுமே குடிக்கலாம்.

தயிர் விஷயத்தில் நிலக்கடலைப் பால் கெட்டிக்காரப் பிள்ளை. பாலைச் சற்றுக் கெட்டியாக எடுத்து, காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றினால் எட்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். மாட்டுத் தயிர் ஒரு துளியும் ஆகாது என்பவர்கள், காம்போடு கூடிய பச்சை மிளகாய் நாலைந்தை அதில் போட்டு வைப்பார்கள். அந்தக் காம்பில் உள்ள கிருமிகளே உறைக்குப் போதும். முதல் நாள் உறைவது சற்று நீர்த்திருக்கும். அதிலிருந்து எடுத்து மறுநாள் உறை ஊற்றினால் கெட்டிப்படும். கடலை வாசனை இலேசாக இருக்கத்தான் செய்யும். கடுகும் கறிவேப்பிலையும் இஞ்சியும் தாளித்து மோராக்கிவிட்டால், கேட்காமல் சொல்லுகிறவர்கள் குறைவு.